கேனில் மிஞ்சியது

ஜூன் 3, திங்கள்

தினமும் எவ்வளவு தூரம் நடந்தேன், எங்கே வலித்தது என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மேடம். மகள் விடுதிக்குப் போகும்போது வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன டைரி ஒன்று அலமாரியில் கிடந்தது. முதல் சில பக்கங்களில் அவளுடைய வேதியியல் இருக்கிறது. இனி என்னுடையது.

நடந்தது: வாசலிலிருந்து தெருக்குழாய் வரை, ஊன்றுகோலோடு. வலி: தொடையில் கம்பி வைத்த இடம்.

அவர் கேட்டது இவ்வளவுதான். ஆனால் மீதிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. எனக்கும் பகல் முழுக்க வேலை இல்லை.

கார்த்திகையில் வள்ளத்தைக் கரையில் கட்டும்போது பக்கத்து வள்ளம் அலையோடு வந்து மோத, நடுவில் என் கால் மாட்டிக்கொண்டது. அன்றோடு எனக்குக் கடல் நின்றது. ஈஸ்டருக்குப் பிறகு என் வள்ளத்தில் என் மனைவி எஸ்கலின் நண்டு வலைக்குப் போகிறாள். கூடப் போவது கஸ்பார். என் தாய்மாமன் மகன். பதினாலு வருஷம் அதே வள்ளத்தில் என்னோடு வந்தவன். எஸ்கலின் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். எங்கள் கரையில் புருஷனோடு கடலுக்குப் போகிற பெண்கள் உண்டு. இன்னொருத்தனோடு போகிறவள் இவள் ஒருத்திதான்.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை. நான்தான் சம்மதித்தேன்.

ஜூன் 5, புதன்

எஸ்கலின் கடலிலிருந்து வந்து குளிக்கக் கொல்லைப் பக்கம் போனவள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"ஏங்க, அந்த ரெண்டு கேனும் நாறுது. வெயிலுக்கு வயிறு ஊதுன மாதிரி நிக்குது. சும்மாதானே இருக்கீங்க, அதை என்ன செய்யிறதுன்னு பாருங்க."

சும்மாதானே இருக்கீங்க. சொல்லிவிட்டு அவள் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு வார்த்தை.

கால் உடைந்த அன்று மிஞ்சிய பெட்ரோல் அது. மோட்டாருக்கு ஆயில் கலந்து வைத்தது. ஈஸ்டருக்குப் பிறகு அவள் முதல்முதலாகக் கடலுக்குக் கிளம்பியபோது நான் அதையே ஊற்றிக்கொண்டு போகச் சொன்னேன். "அந்தப் பழசைத் தொடாத தங்கச்சி, புதுசு வாங்கிக்கலாம்" என்று கஸ்பார் சொல்லிவிட்டான். என் வீட்டு வாசலில் நின்று, என் மோட்டாருக்கு என்ன ஊற்றுவது என்று அவன் சொன்னான். அவளும் கேட்டுக்கொண்டாள்.

கேன்களைப் போய்ப் பார்த்தேன். ஒன்றின் மூடி விரிசல் விட்டு, மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. கொஞ்சம் ஒரு டப்பாவில் ஊற்றிப் பார்த்தேன். கடுங்காப்பி நிறம். வாடை பெட்ரோல் வாடை இல்லை, பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி.

நடந்தது: கொல்லை வரை, இரண்டு தடவை.

ஜூன் 7, வெள்ளி

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடலில் ஊற்றிவிடு என்றார் பக்கத்து வீட்டு அமலதாஸ். அந்தக் கரையோரக் கடற்புல்லில்தான் நண்டுக்குஞ்சு ஒதுங்கும், அங்கே போய் எப்படி ஊற்றுவது. மணலில் ஊற்றினால் எங்கள் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. குப்பையோடு சேர்த்துக் கொளுத்தலாம் என்றால், போன வருஷம் அப்படிக் கொளுத்தின ஒருவருக்குப் புருவமே போய்விட்டது.

கடைசியில் தொண்டியில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் சீனி முகம்மது பாய்க்குப் போன் போட்டேன்.

"மோட்டார்ல மட்டும் ஊத்திராதீக" என்றார் எடுத்ததும். "இத்தனை மாசம் கிடந்த பெட்ரோல் பிசினாயிரும். கார்புரேட்டர்ல இருக்கிற சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிரும். தண்ணி வேற இறங்கியிருக்குன்றீக. கடல்ல வச்சு நின்னுச்சுன்னா எத்தனை இழுத்தாலும் எந்திரிக்காது. எங்கிட்ட கொண்டாங்க. தெளிய வச்சு, வடிகட்டி, மோட்டார் சாமான் கழுவ வச்சுக்கிறேன். அடியில நிக்கிற கசடை, பழைய ஆயில் எடுக்க வர்றவர் டிரம்முல வாங்கிக்குவார்."

"அங்க வரைக்கும் கொண்டுவர முடியாதே பாய்."

"கஸ்பார்கிட்ட குடுத்துவிடுங்க. வாரத்துல ரெண்டு நாள் இங்கிட்டு வருதே."

பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். எதற்கெடுத்தாலும் கஸ்பார்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு முதல் தடவை. கோயிலுக்கு வெளியே நாலு பேர் வந்து கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு எஸ்கலினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். நண்டு வாங்கும் கம்பெனிக்காரர், "எஸ்கலின் கை பட்டா நண்டு தானா வருது போல" என்றார். எனக்கு அவர் பதினாலு வருஷத்தில் அப்படி ஒன்றும் சொன்னதில்லை.

"கஸ்பாரண்ணன் இடம் காட்டுறாரு, நான் வலை போடுறேன்" என்றாள் அவள்.

கஸ்பார் தன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே, "இல்லைங்க, தங்கச்சிக்குக் கண்ணு கூர்மை. என்னைய விட முன்னாடி வலை மிதப்பைப் பாத்துருது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 10, திங்கள்

மழை தூறியது. நடக்கவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று கரை வரை நடந்தேன். மேடம் சந்தோஷப்படுவார்.

வள்ளம் வரும் நேரம் பார்த்துத்தான் போனேன் என்று சொல்ல முடியாது. போன நேரத்தில் வந்தது. படகுத் துறைக் கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் மோட்டார்ப் பிடியைப் பிடித்திருந்தது எஸ்கலின். என் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். கரைக்கு எவ்வளவு முன்னால் மோட்டாரை அணைத்துத் தூக்க வேண்டுமோ அந்த இடத்தில் அணைத்துத் தூக்கினாள். நான் கஸ்பாருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மழைக்காலம் ஆனது.

வள்ளம் மணலில் ஏறியதும் இரண்டு பேரும் இறங்கவில்லை. பிளாஸ்கில் மிச்சம் இருந்த டீயை அவள் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு அதே மூடியைத் திருப்பிக் கொடுத்தான். அவள் கடல் தண்ணீரில் அலசிவிட்டுத் தனக்கு ஊற்றிக்கொண்டாள். அலசினாள், பார்த்தேன். அவன் ஏதோ சொன்னான். எஸ்கலின் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, "அடடே, இவ்வளவு தூரம் வந்துட்டீங்களா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் நிறுத்தினாள்.

"என்ன சொன்னான்?" என்று வீட்டில் கேட்டேன்.

"எப்போ?"

"டீ குடிக்கையில."

யோசித்துப் பார்த்துவிட்டு, "ஞாபகம் இல்லைங்க" என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டை நாங்கள் கல்லுப்பார் என்போம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரிய நண்டு அங்கேதான் கிடக்கும். கரையில் எதை எதோடு நேர் வைத்துப் பார்த்தால் அந்த இடம் வரும் என்பது என் அப்பா எனக்குச் சொன்னது. நான் கஸ்பாரைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை.

இன்று கொண்டுவந்த நண்டைப் பார்த்ததும் தெரிந்தது. அங்கே போயிருக்கிறார்கள்.

"கஸ்பாரண்ணன் கூட்டிட்டுப் போனாரு" என்றாள். "என்னாங்க, இப்படி ஒரு இடம் இருக்குன்னு நீங்க ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே."

ஜூன் 15, சனி

கால் பயிற்சி செய்யவில்லை. மனசில்லை.

ஜூன் 18, செவ்வாய்

சாப்பிடும்போது சொன்னேன். வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், கஸ்பாருக்கு எதற்குச் சிரமம் என்று.

"யாரைப் பாக்கலாம் சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் பெயர் எதுவும் வரவில்லை.

"பெரிய போட்டுல வேலை இருந்துச்சு அவருக்கு. அதை விட்டுட்டுத்தான் வந்துருக்காரு. நம்ம வள்ளம் சும்மா கிடக்கக் கூடாதுன்னு."

"அதான் எதுக்கு விட்டுட்டு வந்தான்னு கேக்குறேன்."

எஸ்கலின் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்காகத்தான். வேற எதுக்குன்னு நினைக்கிறீங்க?"

நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் அடுப்படியிலிருந்தே பேசினாள். "கல்யாணமான புதுசுல நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, அங்க என்னதான் இருக்குன்னு பாக்குறேன்னு. பொம்பளைக்கு அங்க என்ன வேலைன்னு சொன்னீங்க."

அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 21, வெள்ளி

கஸ்பார் வந்தான். எனக்கு நாற்காலியில் போட்டு உட்கார ஒரு பஞ்சு மெத்தை வாங்கி வந்திருந்தான். நல்ல மெத்தைதான். அவனும் எஸ்கலினும் வாசலில் பாய் விரித்து வலை பொத்தல் பார்த்தார்கள். பிளக் கருத்துப் போகிறது, ஆயில் கொஞ்சம் குறைத்துக் கலக்கலாமா என்று அவள் கேட்கிறாள். அவன் சொல்கிறான். என் மோட்டார் அது. அதன் ஒவ்வொரு இருமலும் எனக்குத் தெரியும். நான் பின்னால் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தரும் திரும்பி என்னைக் கேட்கவில்லை.

கிளம்பும்போது கஸ்பார், "மச்சான், அந்தப் பழைய கேன் ரெண்டையும் நான் பாய் கடையில போட்டுர்றேனே. நாளைக்கு அங்கிட்டுத்தான் போறேன்" என்றான்.

"இருக்கட்டும்" என்றேன்.

"என்னத்துக்கு மச்சான், வெயில் காலத்துல. ஆபத்து."

"என் வீட்டுல எது இருக்கணும்னு நான் பாத்துக்கிறேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எஸ்கலின் வலையிலிருந்து தலையைத் தூக்கினாள். கஸ்பார் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

ஜூன் 24, திங்கள்

இன்று நன்றாக நடந்தேன். தெருமுனை வரை.

கச்சான் பலமாக வீசுகிறது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று, தென்னங்கீற்றெல்லாம் கிழக்கே சாய்ந்து நிற்கிறது.

நாளைக்குக் கொண்டுபோகும் கேனை நானே கலந்து வைக்கிறேன் என்று சாயங்காலம் சொன்னேன். எஸ்கலினுக்கு அவ்வளவு சந்தோஷம். "நீங்க செஞ்சா எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். கொல்லையில் போய் நிரப்பி, வாசலில் கொண்டுவந்து வைத்தேன். புதுசு வாங்கினது கொஞ்சம்தான் இருந்தது. நிரம்பவில்லை. நிரப்பினேன்.

பழசைக் கொஞ்சம் புதுசோடு கலந்தால் ஒன்றும் ஆகாது என்று பலபேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

காலை டீ குடித்துவிட்டு எழுதுகிறேன். இருட்டோடு அவள் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் விழித்துத்தான் இருந்தேன்.

கஸ்பாருக்கு மோட்டார்க் கயிறு இழுக்கத் தெரியும். ஆனால் மோட்டார் நின்றுவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது. என்னோடு வந்த வருஷங்களில் நின்றபோதெல்லாம் நான்தான் பார்த்தேன். அவன் டார்ச் பிடிப்பான். நடுக்கடலில் இழுத்து இழுத்து அவனுக்குத் தோள் கழன்றுபோகும். பிளக்கைக் கழற்றுவான், மாட்டுவான். அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டீ ஆறிப்போகும். கடைசியில் அந்தப் பக்கம் வரும் வள்ளம் எதிலாவது கயிறு கட்டி இழுத்து வர வேண்டும். அவர் இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவளுக்குத் தோன்றும். தோன்றினால் போதும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுகிறேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடும்.

வெயில் ஏறிவிட்டது. வழக்கமாக இந்நேரம் கரை சேர்ந்துவிடுவார்கள்.

தெருவில் கஸ்பார் வருகிறான். கையில் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர்

ஜூன் 26, புதன்

நேற்று அந்த வரியோடு டைரி கீழே விழுந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கஸ்பார் வாசலில் நின்று, "மச்சான், தங்கச்சி வந்துருச்சா?" என்றான்.

"உன்கூடத்தானே வந்துச்சு."

"இல்லையே. அம்மாவுக்குக் காலையில நெஞ்சு அடைச்சுருச்சு. தொண்டிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். போறப்பவே கரையில நின்ன தங்கச்சிகிட்ட சொன்னேனே, இன்னைக்குப் போக வேணாம்னு. நேத்துப் போட்ட வலை கிடக்குது, விட்டா நண்டு செத்து நாறிரும், தூக்கிட்டு உடனே வந்துர்றேன்னுச்சு. இன்னும் வரலையா?"

கல்லுப்பார் தாண்டினால் போனில் சிக்னல் கிடையாது. கச்சான் முந்தின நாளைவிடப் பலமாக இருந்தது. மோட்டார் இல்லாத வள்ளத்தை அந்தக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். கிழக்கே எல்லைக்கோடு. அதைத் தாண்டிப் போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை மாசம் கழித்துத் திரும்பினார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம் மச்சான், காத்துக்கு மெல்ல வரும்" என்றான் கஸ்பார்.

"பொறுக்க வேணாம்" என்றேன். "மோட்டார் நின்னுருக்கும்."

"எப்படிச் சொல்ற?"

"கேன்ல பழைய பெட்ரோல் கலந்துருச்சு."

கஸ்பார் என்னையே பார்த்தான். "கலந்துருச்சா, கலந்தியா?"

அவன் மாத்திரைக் கவரை என் மடியில் போட்டுவிட்டு, அமலதாஸ் வீட்டைப் பார்த்து ஓடினான். நானும் வருவேன் என்று ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பின்னால் போனேன். கரையில் அமலதாஸின் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "நீ வந்து என்ன செய்யப்போற" என்றார் அமலதாஸ். கஸ்பார் என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, வலை மூட்டையைப் போடுவதுபோல வள்ளத்துக்குள் போட்டான். கம்பி வைத்த இடத்தில் உயிர் போனது. கத்த எனக்கு வெட்கமாக இருந்தது.

வழியெல்லாம் கஸ்பார் முன்னால் நின்றே வந்தான். என் பக்கம் திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "எவ்வளவு ஊத்துன?" என்று கேட்டான்.

"பாதிக்கு மேல."

"அப்ப வலை வரைக்கும் போயிருக்கும். அங்க நிறுத்திட்டுத் திரும்ப இழுக்கையில எந்திரிச்சிருக்காது." அமலதாஸிடம், "பள்ளத்துக்கு விடுங்க, அங்கேருந்து காத்தோட போவோம்" என்றான். கைகாட்டி வழி சொன்னதும் அவன்தான். என் அப்பாவின் இடம் அது. எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவே இல்லை.

பள்ளத்தில் எங்கள் மிதப்புகள் இல்லை. வலையைத் தூக்கியிருக்கிறாள். கிழக்கே போனோம். எதிர்வெயிலில் தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது, ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு அலை முதுகும் வள்ளம் மாதிரி இருந்தது. கடைசியில் அமலதாஸ்தான் பார்த்தார். ஒரு கம்பில் வெள்ளையாக ஏதோ ஆடியது. என் சட்டை.

நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தாள். முதலில் போட்டது இழுபட்டு வந்திருக்கிறது. வலையில் கட்டும் கல்லையெல்லாம் அவிழ்த்து அதோடு சேர்த்துக் கட்டி இரண்டாம் தடவை போட்டிருக்கிறாள். நண்டுக் கூடைகள் ஈரச்சாக்கு போட்டு மூடி வரிசையாக இருந்தன. மோட்டார் மூடி கழற்றியிருந்தது. பிளக்கைத் துடைத்துத் துண்டில் வைத்திருந்தாள். அவள் செய்திருக்க வேண்டிய எல்லாவற்றையும் செய்திருந்தாள்.

நாங்கள் பக்கத்தில் போனதும் எழுந்து நின்றாள். முகம் வெயிலில் கருத்திருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு கஸ்பாரைப் பார்த்துச் சொன்னாள்.

"இருட்டுல கேன் மாறிப்போச்சுண்ணே. என் தப்புதான்."

மாறிப்போக அங்கே இன்னொரு கேன் இல்லை. நிரப்பின கேன் ஒன்றைத்தான் நான் வாசலில் வைத்திருந்தேன். அது அவளுக்குத் தெரியும். கஸ்பாருக்கும் தெரிந்துவிட்டது. அவன் கடலைப் பார்த்துக்கொண்டு, "சரி தங்கச்சி, கயித்தைப் பிடி" என்றான். அமலதாஸ், "பொம்பளைய தனியா விட்டா இப்படித்தான்" என்றார். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.

கயிற்றைப் பிடித்தபோதுதான் அவள் கையைப் பார்த்தேன். மோட்டார்க் கயிற்றை இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, விரல் மடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, கையில் தேங்காய் எண்ணெய் தடவ உட்கார்ந்தேன். அவள் கையைத் தரவில்லை. தானே தடவிக்கொண்டாள். விளக்கு வைத்த பிறகுதான் பேசினாள்.

"கஸ்பாரண்ணன் ஏறுவாருன்னு நினைச்சுத்தானே ஊத்துனீங்க?"

எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"அவரு இருந்தா மட்டும் நான் அந்த வள்ளத்துல இல்லையா?"

யோசித்தேன் என்று சொல்வதா, அது தோன்றவே இல்லை என்று சொல்வதா. இரண்டில் எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை. அவள் பாயை மகளுடைய கட்டில் பக்கம் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 27, வியாழன்

கஸ்பார் காலையில் வந்து கார்புரேட்டரைக் கழற்றி ஒரு தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினான். "நீயே கழுவு" என்றான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே பச்சையும் பழுப்புமாகப் பிசின். ஊசி நுழையாத ஓட்டைக்கு மெல்லிய கம்பி எடுத்து, ஒவ்வொன்றாகக் குத்தி ஊதினேன். பொழுது சாயும்வரை ஆனது.

ஜூன் 30, ஞாயிறு

எஸ்கலின் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நேற்றே கடலுக்குப் போய்விட்டாள். பெட்ரோல் கேன் நம் வீட்டில் இல்லை. கஸ்பார் வீட்டில் வைத்துக் கலந்து, அங்கிருந்தே எடுத்துப்போகிறார்கள்.

அவனும் அவளும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை. என் கண் முன்னால்தான் கேனைத் தூக்கிப் போனாள். இத்தனை நாள் இல்லாத ஒன்றை நினைத்து நினைத்து வயிறு எரிந்தேன். இப்போது உண்மையிலேயே என் வீட்டிலிருந்து ஒன்று அவன் வீட்டுக்குப் போய்விட்டது. அதை நான்தான் அனுப்பினேன்.

ஜூலை 3, புதன்

ஆட்டோ பிடித்து, பழைய கேன் இரண்டையும் ஏற்றிக்கொண்டு தொண்டிக்குப் போனேன். கசியாமலிருக்க, விரிசல் விட்ட மூடிக்கு ரப்பர் வைத்துக் கட்டினேன். ஆட்டோக்காரர் பீடியை அணைத்துவிட்டுத்தான் ஏற்றிக்கொண்டார்.

சீனி முகம்மது பாய் கேன்களைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டும் நெறையன்னுதானே போன்ல சொன்னீக. ஒண்ணுல பாதிகூட இல்லையே."

ஆவியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வெயில் காலம், அவரும் நம்பியிருப்பார்.

"மீதியை நான்தான் பாய் மோட்டாருக்கு ஊத்துனேன்" என்றேன். "தெரிஞ்சே ஊத்துனேன். என் வீட்டுக்காரி அதுல தனியா போயிட்டா."

கடையில் ஸ்பானர் சத்தம் நின்றது. பாய் என்னை உட்காரச் சொன்னார். கேன்களை நிழலில் ஓரமாக வைத்து, ஆடாமல் இருக்கச் செங்கல் முட்டுக் கொடுத்தார். "நாளைக்குள்ள தண்ணி அடியில இறங்கிரும். மேல உள்ளதை வடிச்சுக்கலாம்" என்றார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கிட்ட இதை இப்படியே சொன்னீகளா?" என்றார்.

"இல்லை."

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய?"

ஜூலை 4, வியாழன்

சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டீ மூடியைக்கூடச் சொன்னேன்.

"டீ மூடியா?" என்றாள்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

ஜூலை 5, வெள்ளி

கஸ்பாரிடமும் சொன்னேன். அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "தெரியும் மச்சான்" என்றான். "அன்னைக்கு உன்னை வள்ளத்துல தூக்கிப் போட்டப்ப கடலுக்குள்ளேயே போட்டிருப்பேன். தங்கச்சி முகத்துல முழிக்கணுமேன்னு விட்டேன்." அவன் அம்மா உள்ளேயிருந்து யாரு என்று கேட்டார். "நம்ம சந்தியாகு" என்றான். நம்ம என்றுதான் சொன்னான்.

ஜூலை 12, வெள்ளி

ஊன்றுகோல் இல்லாமல் குழாய் வரை.

ஜூலை 20, சனி

கடலிலிருந்து வந்த எஸ்கலின் காலிக் கேனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"திங்கக்கிழமைக்கு பெட்ரோல் வேணும். ஆட்டோல போய் வாங்கிட்டு வந்து கலந்து வையுங்க."

"கஸ்பார் வீட்டுல..."

"அவரு அம்மாவைப் பாப்பாரா, இதைப் பாப்பாரா. உங்களால முடியுமா முடியாதா?"

முடியும் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

கேனைக் கழுவிக் காயவைத்து, புதுசு வாங்கி, ஆயில் அளந்து கலந்து வாசலில் வைத்திருந்தேன். இருட்டோடு எழுந்தவள் கேனைத் தூக்கவில்லை. விளக்கைப் போட்டாள். மூடியைத் திறந்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறம் பார்த்தாள். அவசரமே இல்லாமல் செய்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். ஊற்றினதைத் திரும்பக் கேனில் விட்டு, மூடிக்கொண்டு போனாள்.

இருபது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள்.

ஜூலை 25, வியாழன்

இன்றும் முகர்ந்து பார்த்தாள்.

ஜூலை 29, திங்கள்

இன்று அவள் குனிவதற்கு முன்னால் நானே மூடியைத் திறந்து, டம்ளரில் ஊற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். முகர்ந்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சரியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் சொன்னாள்.

கஸ்பார் வெளியே நின்றிருந்தான். கேனை அவனிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். தெரு திரும்பும் இடத்தில் அவன் ஏதோ சொல்ல, அவள் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை. இன்னும் பல நாள் பிடிக்காது. வாசலில் நின்று, மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்து, சத்தம் தேய்ந்து கடலுக்குள் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கும் இருமவில்லை.